பின்னறைக்கு ஒரு ஏசி

ஏப்ரல் 7, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மைதானத்தில் பதினோரு கேரவன்கள், படுக்கை அடுப்போடு வீடு மாதிரி ஓடும் வண்டிகள். நிழல் என்றால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்றுதான். அதையும் ஒரு டாக்டர் தம்பதி பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வண்டியில் முன்பக்க ஏசி ஓடுகிறது. பின்னறைக் கூரையில் இருக்கும் இரண்டாவது ஏசி வெறும் பொம்மை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வெளியே கம்பத்தில் சுவிட்ச் டிரிப் ஆகிவிடுகிறது. அதனால் முன்பக்கத்திலேயே சோபாவை விரித்து நானும் மனைவியும் படுக்கிறோம். அவள் முகம் எப்போதும் சுவர்ப் பக்கம்.

"பின்னாடி ரூம் குளுந்தா நான் அங்கயே படுத்துப்பேன்" என்றாள் இன்று. ஒரு வாரத்தில் அவளாகப் பேசியது இவ்வளவுதான்.

செய்து கொடுத்துவிட வேண்டும். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இது ஒரு வேலையா?

ஏப்ரல் 9, புதன்

சிக்கல் பிடிபட்டது. ஏசி, ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போல நாலைந்து மடங்கை, கிளம்பும் அந்த ஒரு நொடியில் இழுக்கிறது. கம்பத்தில் சின்னதாக இன்னொரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. பின்னறை ஏசியை மட்டும் பிரித்து, தனி வயர் இழுத்து, அதில் செருகலாம். கிளம்பும்போது இழுக்கும் கரண்டைக் குறைக்க ஒரு சின்னப் பெட்டி மாட்ட வேண்டும். ஆர்டர் செய்துவிட்டேன்.

படம் வரைந்து காட்டினேன். "ம்" என்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

பெட்டி வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

இதை எழுதாமல் நகர முடியவில்லை. இந்த ஏசியைக் கூரையில் ஏற்றியது போன வருஷம், அவள் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். "கிளம்பலாங்க, எனக்கு மனசே சரியில்ல" என்றாள். கூரையில் ஓட்டை போட்டாகிவிட்டது. வானமும் இருட்டிக்கொண்டு வந்தது. "வண்டியத் தொறந்து போட்டுட்டு எப்படி வர்றது? ஞாயித்துக்கெழம போலாம்" என்றேன்.

சனிக்கிழமை காலை போன் வந்துவிட்டது.

நீ மட்டும் பஸ்ஸில் போ என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மழையும் பெய்யவில்லை. அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மடித்துக்கொண்டிருந்த துணிகளை மடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெட்டி வந்தது. கூரைத் தகடு சுட்டு இரண்டு முழங்காலும் கன்றிவிட்டன. நாலு மணிக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இரண்டும் ஓடின. கம்பத்துச் சுவிட்ச் அசையவில்லை. "ஓடுது! ரெண்டும் ஓடுது!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினேன். டாக்டர் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்.

அவள் வந்து காற்றில் கையை நீட்டிப் பார்த்தாள். "நல்லா குளுருது." தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றிருந்தேன்.

இதற்குத்தானா?

ஏப்ரல் 19, சனி

காலையிலிருந்து மழை. எல்லா வண்டிகளிலும் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பின்னறை ஏசி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. "குளிரலையா?" என்றேன். "எனக்குப் புழுங்குது" என்றாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று மணி. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். மைதானம் முழுக்கக் கரண்ட் போனது. இரண்டு ஏசியும் ஒன்றாக நின்றன. அந்த நிசப்தத்தில் ஏதோ சத்தம். முதலில் வெளியே பூனை என்று நினைத்தேன். இல்லை. வாயில் துணியை வைத்து அமுக்கிக்கொண்டு அழுகிற அழுகை.

அடப்பாவி, எத்தன நாளா? இந்தச் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுக்கத்தான் ஏசி கேட்டாளா? நானும் ஓடி ஓடிப் போட்டுக் குடுத்தேனே!

கதவைத் திறந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

ஒரு வருஷமாக வராத வார்த்தை அப்போது வந்தது. "என் தப்புதான். அந்த ஓட்டை மேல ஒரு தார்ப்பாயப் போட்டு மூடிட்டுக் கிளம்பியிருக்கலாம்."

"தார்ப்பாய் நான் எடுத்துட்டு வந்து குடுத்தேனே. அப்புறம் பாக்கலாம்னு ஓரமா வெச்சீங்க."

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. அவளிடம் அப்படியே சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

"என்னயத் தங்கச்சி வீட்ல கொண்டு விட்டுருங்க" என்றாள். வயர் இரண்டையும் சுருட்டினேன். ஆறு மணி நேரப் பயணம். வழியில் ஒருமுறை தண்ணீர் கேட்டாள்.

ஏப்ரல் 26, சனி

சகலை வீட்டுத் தெருவில் வண்டி நிற்கிறது. அவர் மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. ஒரு வருஷமாக யாரோடும் சரியாகப் பேசாத பெண், பெரியம்மா வந்ததிலிருந்து விட்டு நகர்வதில்லை. ஒரே கட்டிலில் படுக்கிறார்கள். நான் வண்டியில்.

சகலை வந்து படியில் உட்கார்ந்தார். "அண்ணே, ஒங்க மேல என் வீட்டுக்காரிக்குக் கோவமே இல்ல. கடைசி நாள்கூட, ‘அத்தான் ரெண்டாவது ஏசி மாட்டுறாராம், ஒடம்பு தேறுனா நானும் அந்த வண்டியில வருவேன்’னு சொல்லிச் சிரிச்சா."

ஆறுதலுக்குத்தான் சொன்னார் மனுஷன்.

மே 6, செவ்வாய்

வண்டிக்கு வந்து துணியையெல்லாம் எடுத்துக்கொண்டாள். "பரீட்ச முடியட்டும்" என்றாள். "அப்புறம்?" "எனக்கே தெரியல. அந்த வீட்ல மூச்சு விட முடியுது, அவ்வளவுதான்."

ஜூன் 2, திங்கள்

வண்டியை விற்றாகிவிட்டது.

ஜூன் 21, சனி

அதே ஊரில், சகலை வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, எனக்கு ஒரு மூன்றாம் மாடி அறை. பக்கத்து அடுக்குமாடியில் வாரம் மூன்று நாள் லிஃப்ட் வேலை.

இன்று முதல்முறையாக வந்தாள், தங்கை மகளோடு. அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு, துணிக்கொடி, ஒற்றை நாற்காலி. "ஜன்னல் பெருசா இருக்கு" என்றாள். டீ போடட்டுமா என்றேன். "வேணாம், இவளுக்கு க்ளாஸ் இருக்கு." பத்து நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். மூட்டு வலி கூடியிருக்கிறது போல. எனக்கு யாரும் சொல்லவில்லை.

தெருவுக்குப் போனதும் நின்று, அண்ணாந்து, எந்த ஜன்னல் என்னுடையது என்று தேடினாள். நான் கையை ஆட்டவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.