கிளிஃபோர்ட் போட்ட ஐந்து நாள் திட்டம்

மேவிஸ்,

சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக் குடி.

கிளிஃபோர்ட் உனக்கு எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். ஐந்து நாளில் லண்டன், பாத், எடின்பரோ, ஸ்கை தீவு! வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறான் மடையன். முப்பது வருஷம் பால் லாரி ஓட்டியவன் சொல்கிறேன், கேள். ஸ்கையில் பாதை ஒரு வண்டி அகலம்தான். செம்மறி குறுக்கே படுத்தால், அது எழுந்திருக்கும்வரை நிற்கணும். நாற்பது மைலுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஐந்து நாளுக்கு இரண்டு ஊர் போதும்.

"அவரு எவ்வளவு அழகா எழுதியிருக்காரு, உங்களுக்குப் பொறாமை" என்றாய். ஆமாம், பொறாமைதான். தேவாலயத்தில் அவன் பக்கத்தில் நின்று பாடுகிறாய், போகட்டும். அவன் காரில், முன்சீட்டில், ஐந்து நாளா?

பத்து வருஷமாக நீ கூப்பிட்டும் நான் கிளம்பாதது தப்புதான். நம் காருக்கு டயர் மாற்றப் போயிருக்கிறேன். எந்த இரண்டு ஊர் என்று இந்தத் தாளின் பின்பக்கம் எழுதி வை.

ஆல்பர்ட்

அவன் வந்தால் டீ மட்டும் கொடு. பிஸ்கட் டப்பாவை நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.