மாதர் சங்கம் சித்திரம் பார்க்கப் போனது

1936 பிப்ரவரி 3, திங்கள்

மத்தியானம் பிள்ளைகள் கஞ்சிக்கு ஓடிய நேரம், பள்ளிக்கூட வாசலில் தம்பி நின்றான். தேவகுமார்! தாடி வைத்திருக்கிறான். மெலிந்திருக்கிறான். ஆறு வருஷம் கழித்துப் பார்க்கிறேன், எனக்குப் பேச்சே வரவில்லை.

திருவனந்தபுரத்தில் புதுமுறைச் சித்திரக் கண்காட்சி ஒன்று திறக்கிறார்களாம். இவன் படங்களும் இருக்கின்றனவாம். தமிழ்க் கூட்டம் வந்தால் கூடவே நடந்து விளக்கிச் சொல்லும் வேலையும் இவனுக்குத்தானாம்.

"நம்ம ஊர்ல இருந்து ஒரு கூட்டத்தக் கூட்டிட்டு வா அக்கா. எங்கயோ உள்ளவன்லாம் வந்து பாக்கியான். நெய்யூர்க்காரங்க ஒருத்தரும் வரலன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

"அம்மையும் வரணுமா?"

வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிப்ரவரி 4

அம்மாவிடம் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து மாதர் சங்கம் கூடியபோது விஷயத்தைச் சொன்னேன். நல்லவேளை, அம்மா காய்ச்சலென்று வரவில்லை. பூங்கனி அக்காள்தான் முதலில் எழுந்தாள். "நான் வாறேன் டீச்சர். திருவனந்தபுரத்த நான் இன்னும் கண்டதில்ல." பிறகு ஒவ்வொருத்தியாக. ஆனால் எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: சத்தியபாய் அம்மா வந்தால்தான் வீட்டுக்காரர் விடுவார்.

சத்தியபாய் அம்மா என்றால் என் அம்மா. சங்கத்தின் தலைவி.

சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த தம்பியை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக்க வேண்டுமென்று அம்மா எத்தனை பேரிடம் போய் நின்றாள்! இடம் கிடைத்த வாரத்தில் அவன் படம் வரையப் படிக்க மதராசுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயரில்லை. ஜெபத்தில்கூட "என் மகள்" என்று மட்டும்தான் சொல்கிறாள்.

பிப்ரவரி 13

தம்பிதான் விளக்கிச் சொல்கிறான் என்பதை மறைத்து அம்மாவைக் கூட்டிப் போகலாமா? இரண்டு நாள் யோசித்தேன். அங்கே போய் அவனைப் பார்த்ததும் எல்லோர் முன்னாலும் திரும்பி நடந்துவிட்டால்? அதை அவன் தாங்குவானா?

சொல்லிவிட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "நீங்க போங்க" என்றாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 21

மார்த்தாண்டம் போய் பஸ் முதலாளி பகவதியப்பனைக் கண்டேன். மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழா முடியும்வரை ஒரு வண்டியும் ஒழியாதாம். கண்காட்சியோ மார்ச் பதினைந்தோடு முடிகிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "கொடை முடிஞ்ச சனியாழ்ச்ச வண்டி உங்களுக்குத்தான் டீச்சர். நானே ஓட்டுகேன்" என்றார். முன்பின் பழக்கமில்லாத மனிதர். கர்த்தர் அவரை ஆசீர்வதிக்கட்டும்.

மார்ச் 7

வண்டி இருக்கிறது, ஆள் இல்லை. தலைவி வராததால் ஒருத்தி பின் ஒருத்தியாகப் பின்வாங்கிவிட்டார்கள். சாயந்திரம் பூங்கனி அக்காள் நேரே அடுக்களைக்குள் வந்து அம்மா முன்னால் நின்றாள்.

"உங்களுக்கும் உங்க மவனுக்கும் சண்டை. அதுக்கு நான் எதுக்கும்மா வீட்டுக்குள்ள கெடக்கணும்?"

ஆறு வருஷமாக யாரும் அம்மாவிடம் இப்படிப் பேசியதில்லை. நான் உட்பட. அம்மா அடுப்பிலிருந்த கொள்ளியை வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு என்னிடம், "ஏட்டி, வண்டியில நம்ம எல்லாருக்கும் பொதிச்சோறு கட்ட எத்தன வாழ எல வெட்டணும்?" என்றாள்.

பூங்கனி அக்காளை நான் மறக்கமாட்டேன்.

மார்ச் 14, சனி

கை வலிக்கிறது, ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

போகும் வழியெல்லாம் பாட்டு. அம்மா மட்டும் முன்சீட்டில் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்காட்சி வாசலில் தம்பி வெள்ளை வேட்டியில் நின்றான். அம்மாவைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டு, "வாங்க" என்றான். அம்மா கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டாள்.

நன்றாகத்தான் சொன்னான். மரம் ஏன் சிவப்பு, கடல் ஏன் சாய்ந்திருக்கிறது — பெண்கள் சிரித்தார்கள், கேள்வி கேட்டார்கள், அவனும் சிரித்தான். கடைசி அறையில் அவனுடைய பெரிய படம். ஆஸ்பத்திரி வராந்தா. பெஞ்சில் வரிசையாகப் பெண்கள். ஒருத்திக்கும் முகம் வரையவில்லை. மடியில் கைகள் மட்டும் பெரிது பெரிதாக.

பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"இவளுகளுக்கு முகம் எங்க?"

தம்பி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்னைக்கு எனக்கு ஆறு வயசு. கீழ, தரையில இருந்தேன். முகம் ஒண்ணும் தெரியல. அம்மைக்க கைதான் எனக்க கண்ணுக்கு நேரா இருந்தது."

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படத்தின் அருகே வந்தாள்.

"அந்தப் பெஞ்சு பச்சையாக்கும். நீ நீலம் போட்டிருக்க."

"எனக்கு நீலம்னு ஞாபகம்."

"பச்சை. நான்தானே அதுல இருந்தேன்."

"சரிம்மா. பச்சை."

ஆறு வருஷத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு இது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பூங்கனி அக்காள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் பொதிச்சோறு பிரித்தோம். அம்மா ஒரு பொதியைத் தனியே எடுத்து என்னிடம் நீட்டினாள். "அவனுக்குக் குடு." அவனிடம் நேராகக் கொடுக்கவில்லை. பரவாயில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாளே!

மார்ச் 15, ஞாயிறு

கோயிலில் என் ஜெபம் முழுக்க ஸ்தோத்திரம்தான். கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் 12, உயிர்த்தெழுந்த ஞாயிறு

தம்பி வரவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. அவசரப்படக் கூடாது.

மே 6, புதன்

பள்ளி விடுமுறை. அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு சண்முகவடிவு அம்மாள் வாசலில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். முகமில்லாத படம் என்று பூங்கனி சொல்லிச் சிரித்தாளாம், அது என்ன கூத்து என்று கேட்டாள்.

"அத அப்படிச் சிரிக்கப்பிடாது" என்றாள் அம்மா. "கிட்டப் போயும் பாக்கப்பிடாது. கொஞ்சம் தள்ளி நிக்கணும். நின்னு பாத்தா நமக்கே தெரியும். எனக்குச் சொல்லத் தெரியல... எனக்க மவன் வெள்ளியாழ்ச்ச வாறான், அவன்கிட்டயே கேளு."

துருவலை நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறானா? என்னிடம் யாருமே சொல்லவில்லையே!