கல்யாண வீடுகள் வேண்டாமென்ற பாட்டு

தம்பி,

இன்று எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு மைக்செட் கட்டினார்கள். "அலோ, அலோ" என்று ஒருவர் தட்டிப் பார்த்ததும் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். அது கருகிய வாடையோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பாட்டுக் குழு தருமபுரத்தில் நம் வீட்டு மாடியில்தான் தொடங்கியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டிலிருந்து பழைய கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பட்டினச்சேரி செல்வம் டிரம் அடிப்பான். கல்யாணங்களில் நீங்கள் நாலு பேரும் வாசித்தால் சம்பந்திமார்கூட வேட்டியை மடித்துக் கட்டி ஆடுவார்கள். விளக்கேற்றித் தேவாரம் சொல்லும் நேரத்திலாவது நிறுத்துங்களடா என்று நான் கத்துவேன். "சாமியும் கேக்கட்டும் அத்தே. தெனமும் ஒங்க பாட்டயே கேட்டுக்கிட்டு இருக்காரு, பாவம்" என்பான் செல்வம்.

மீன்பிடிக்கக் கடலுக்குப் போன செல்வம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதன்பிறகு நீ வேறு டிரம்காரரைச் சேர்க்கவில்லை. ஆட்டப்பாட்டெல்லாம் போய், தனக்குள்ளேயே பேசிக்கொள்கிறவன் மாதிரி பாட ஆரம்பித்தாய். நடுவில் சும்மா விட்டுவிடுவாய்.

"ஏன்டா இங்க வெறுமனே நிக்கிது?"

"அது அவன் அடிக்கிற எடம் அத்தே."

அந்தப் பாட்டுகளைத்தான் கேசட்டாகப் போட்டீர்கள். செல்வத்தின் தெவசத்துக்கு அவன் அம்மா அதைக் கேட்டு வாங்கி, தென்னை மரத்தில் மைக்செட் குழாய் கட்டி நாள் முழுக்க ஓடவிட்டாள். பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீட்டிலும் அதுதான் ஓடியது. கல்யாணம் வைத்தவர்கள் உங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "எழவு பாட்டுக்காரங்கள மணவறைக்கு முன்னாடி எப்படிங்க உக்கார வைக்கிறது?" என்று உன் அப்பாவிடமே கேட்டார்கள். கூட இருந்த இரண்டு பேரும் வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள்.

"பழைய மாதிரி வாசிடா, எல்லாரும் திரும்பி வந்துருவாங்க" என்று உன் அப்பா கெஞ்சினார்.

"கை போவ மாட்டேங்குதுப்பா" என்றாய்.

நீ உடம்புக்கு முடியாமல் படுத்தபோது நான் நேர்ந்துகொள்ளாத சாமியில்லை. காமாலை உன்னை விடவில்லை. உன்னை எடுத்த அன்றைக்கு மைக்செட்காரர் வந்து, "தம்பியோட கேசட்டயே போடட்டுங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம், போங்க" என்றார் உன் அப்பா. செல்வத்தின் அம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து, உன் பாட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை வாயாலேயே பாடினாள். நான் முழுதாகக் கேட்டது அன்றுதான்.

இப்போதும் சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு போகிறேன். சந்நிதியில் நின்று தேவாரம் சொன்னால் வார்த்தை அதுவாக இருக்கிறது, ராகம் உன்னுடையதாகிவிடுகிறது. முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் நிறுத்துவதில்லை.

அத்தை