இடதுபுறம் திரும்பினால் வரும் சத்தம்

சங்கரன்கோவில்,
டிசம்பர் 9

அன்புள்ள தம்பி பவுல்பாண்டியனுக்கு,

அக்காவுக்குக் காதுக்குள் சத்தம் கேட்கிறது என்று உன் மகள் ஜெபிதா உன்னிடம் சொன்னாளாம். தவறு. சத்தம் என் காதில் இல்லை, நான் வார்டனாக இருக்கும் விடுதியின் பிக்கப் வண்டியில். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

வண்டி இடதுபுறம் திரும்பும்போதெல்லாம் முன்சக்கரத்தில் ‘டொக்’ என்கிறது. டிரைவர் மகாராஜன், “ரோடு மோசம், டீச்சர்” என்றான்.

“ரோடு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான மக்கா? வலப்பக்கம் திரும்புனா ஏன் சத்தம் வரல?” என்றேன். வண்டியை ஒர்க்ஷாப்புக்கு விட்டான்.

ஒர்க்ஷாப்பில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை அசைக்கச் சொன்னேன். மேலும் கீழும் ஆடியது. சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. அவர்கள் கிரீஸ் மட்டும் வைத்தார்கள். சத்தம் நின்றது. நானும் அவசரப்பட்டு, ‘பழுது நீங்கியது’ என்று வண்டிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மூன்றாம் நாள் சத்தம் திரும்பிவிட்டது. ஜாயிண்டை மாற்றச் சொன்னால், விடுதிச் செயலாளர் என் கையெழுத்தையே என்னிடம் காட்டுகிறார். “நீங்கதான டீச்சர் சரியாயிட்டுன்னு எழுதுனீங்க? வயசாயிட்டு, சும்மா இருங்க.”

இருபதாம் தேதி கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ். பதினெட்டுப் பிள்ளைகள் அந்த வண்டியில் நின்றுகொண்டு பாடப் போகிறார்கள். திருப்பத்தில் சக்கரம் கழன்றால்? உன் அத்தான் இருந்தால் எனக்காகப் பேசுவார். ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை, தம்பி.

நீ முப்பது வருடம் ஒர்க்ஷாப் நடத்தியவன். கிரீஸ் போதாது, ஜாயிண்டை மாற்றும்வரை ஆள் ஏற்றக் கூடாது என்று உன் கையால் எழுது, செயலாளரிடம் காட்டுகிறேன். அதே கவரில் உன்னிடம் இருக்கும் என் கீர்த்தனைப் புத்தகத்தையும் வை. இங்கே என்னோடு கீர்த்தனை பாட ஆளில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. போனில் சொல்லாதே. எழுத்தில் பதில் அனுப்பு.

உன் அக்கா,
சுந்தரபாய்