செம்பருத்தி வேலியடி முட்டை

பங்குனி 19, வியாழன்

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். முழங்கால் வலி நேற்றைப்போலத்தான்.

ஞாயிறு ஈஸ்டர். எங்கள் ஹோம்ஸ்டேயில் மூன்று அறையும் நிரம்பிவிட்டது, மொத்தம் ஒன்பது பிள்ளைகள். அவர்களுக்குத் தோட்டத்தில் முட்டை தேடும் விளையாட்டு வைக்கப்போகிறாளாம் என் மகள் செல்வி. குமுளிக் கடையிலிருந்து ஒரு பை பிளாஸ்டிக் முட்டை. உள்ளே மிட்டாய்.

"முட்டைன்னா கோழி போட்டதா இருக்கணும் தாயி."

"குரங்கு தூக்கிட்டுப் போயிரும்ப்பா. நீங்க பேசாம இருங்க."

"குரங்க நான் பாத்துக்கிறேன்."

"பாக்கத்தான் செய்வீங்க. வெரட்ட மாட்டீங்க."

எஸ்டேட் பங்களாவில் பதினெட்டு வருடம் தோட்டக்காரன். வருடா வருடம் முட்டை ஒளித்தவன். எனக்கே சொல்லித் தருகிறாள்.

பங்குனி 20, வெள்ளி

பிளாஸ்டிக் பையைப் பரணில் போட்டுவிட்டேன். கேட்டால் சொல்வேன்.

வேண்டியவை: நாட்டு முட்டை 12. வெங்காயத் தோல் ஒரு முறம். மெழுகுவர்த்தி 1.

முட்டையை வேகவைத்து, துடைத்து, மெழுகுவர்த்தி முனையால் கோடு. பிறகு வெங்காயத்தோல் சாயத்தில் ஊறல். மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். சாயம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதல் வருடம் அவசரப்பட்டுச் சுடச்சுடப் போட்டு, மெழுகு உருகி, இரண்டு டஜனும் பாழ். யாரும் சொல்லித் தரவில்லை. நானே கற்றது.

செல்விக்கு அப்போது ஏழு வயது. என் சோற்று வாளியோடு பங்களாவின் செம்பருத்தி வேலிக்கு வெளியே நிற்பாள். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது. புல்வெளியில் துரைமார் பிள்ளைகள் கூடையோடு ஓடுவதை வேலி இடுக்கு வழியாகப் பார்ப்பாள். ஒரு வருடம், ஒரு முட்டையில் அவள் பெயரை எழுதி, வேலிக்கு வெளிப்பக்கம், அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு எழுத வந்ததே நாலைந்து பெயர்தான்.

விளையாட்டு முடிந்து துரைசாணி எண்ணினாள். ஒன்று குறைந்தது. வேலியோரம் வந்து, வெளியே நின்ற செல்வியைப் பாவாடையை உதறச் சொன்னாள். ஒன்றுமில்லை. நான் செடி வெட்டும் கத்தரியோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். வைத்த இடத்தில் முட்டை இல்லை. கீரியாக இருக்கும்.

அந்தத் துரைசாணியை மன்னிக்கவில்லை. இனியும் மாட்டேன்.

பங்குனி 21, சனி

மத்தியானம் லேசான தூறல். அடுப்படியில் சண்டை. குழம்புச் சட்டியில் சாயம் காய்ச்சினேனாம். பை எங்கே என்றாள். சொன்னேன். பிறகு அவளே வந்து வெங்காயத் தோல் உரித்துத் தந்தாள்.

பதினோரு முட்டையில் பூவும் இலையும். பன்னிரண்டாவதில் அவளுக்குத் தெரியாமல் எழுதினேன். எழுத்து அன்றைக்கு எழுதியதைவிட நேராக வந்தது.

பங்குனி 22, ஞாயிறு

விடியுமுன் ஒளித்தாகிவிட்டது. ஏலச்செடித் தூரில் 3, மிளகுக் கொடியில் 2, பூந்தொட்டிகளில் 6. கடைசி ஒன்று வேலியடியில். பங்களாச் செம்பருத்தியில் ஒடித்த குச்சியை நட்டு வளர்த்த வேலி இது.

பிள்ளைகள் பத்து எடுத்தார்கள். ஒன்றைக் குரங்கு கொண்டுபோனது. மதுரைச் சிறுமி ஒருத்தி கேட்டாள், "தாத்தா, கொரங்கும் வெளையாட்டுல சேத்தியா?"

"சேத்திதான். அதுவும் தேடித்தான் எடுத்துச்சு."

எல்லோரும் இட்லிக்குப் போனதும் செல்வியை வேலியடிக்குக் கூப்பிட்டேன். குனிந்து எடுத்தாள். பெயரைப் படித்தாள். ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான எழுதியிருந்தீங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். பேரு இருக்குல்ல, கண்டா ஒங்க வேல போயிரும்னு கால்வெரலால குழி நோண்டி மூடிட்டேன். அந்தம்மா பாவாடைய ஒதறச் சொல்லும்போதும் அந்த மண்ணு மேலதான்ப்பா நின்னேன்."

முட்டையை உரித்துப் பாதி கொடுத்தாள். உப்பு இல்லை. எடுத்துவர அடுப்படிக்குப் போனேன். டப்பாவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், அவள் வந்து கூப்பிடும்வரை.