நிறம் போன தண்ணீர்

ஜனவரி 9, 1984, திங்கள்

நூல் கம்பெனி கொடுத்த டைரியை முதலாளி என் பக்கம் தள்ளிவிட்டார். எழுதும் அளவுக்கு என் நாளில் ஒன்றுமில்லை. நல்ல தாளைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்?

தட்டாஞ்சாவடி சாயப்பட்டறையில் எனக்குத் தற்காலிக வேலை. வாய்க்காலில் சிவப்புத் தண்ணீர் விடக்கூடாதென்று முதலாளிக்கு மேலிடத்து நெருக்கடி. பாய்லருக்கு வரும் வேலமர விறகில் பட்டையை உரித்து, டின்னில் காற்றுப் புகாமல் மூடி, கரியாக்குகிறேன். அதை இடித்துக் கழுவிச் சாயத் தண்ணீரில் போட்டால் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்க வேண்டும்.

அம்மா வாசலிலேயே சொன்னாள்: "எங்க வம்சத்துலயே மொதோ பி.எஸ்ஸி.! மூஞ்சப் பாரு, கரி மூட்ட தூக்கறவளாட்டம்."

ஜனவரி 27

இன்றும் இளஞ்சிவப்பு. தோள் வலிக்கிறது.

பிப்ரவரி 14, செவ்வாய்

நிறம் முழுதாகப் போய்விட்டது. பார்க்க வந்த அதிகாரி, "கண்ணாடி மாதிரி இருக்கே!" என்றார். முதலாளி தட்சிணாமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன வேணும்னு யோசிச்சி வைம்மா. மாசக் கடைசில கேக்கறேன்."

அப்பா வீட்டில் உடனே சொல்லிவிட்டார்: "நெரந்தரம் பண்ணச் சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத."

நான் எப்போது திறந்தேன்.

பிப்ரவரி 16

சும்மா ஒரு சிவப்பு லிட்மஸ் தாளை அந்தத் தெளிந்த தண்ணீரில் தோய்த்தேன். நொடியில் நீலம். கரி சாயத்தைத்தான் பிடித்திருக்கிறது. சாயமேற்றச் சேர்க்கும், தோலை அரிக்கும் காஸ்டிக் சோடா அப்படியே போகிறது. ஆசிட் விட்டுச் சமப்படுத்தத் தனித் தொட்டி வேண்டும். முதலாளியிடம் சொன்னேன்.

"அதிகாரிக்கே தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?" சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேன்?

பிப்ரவரி 24, வெள்ளி

பஸ் நிறுத்தத்தில் கீரை விற்கும் அஞ்சலாட்சி அக்காவின் விரல்கள் வெடித்துத் தோல் உரிந்திருந்தன. "வெயிலு பாப்பா" என்றாள். பேசிக்கொண்டே வாய்க்காலில் ஒரு குவளை மொண்டு கீரைக் கட்டுகள்மேல் தெளித்தாள்.

குவளையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அந்தத் தண்ணி வேணாம்."

"செவப்பா போனப்ப தொட்டனா? கீரையில கறை ஏறிடும்னு தெருக்குழாய்லேர்ந்துதான சொமந்தேன். இப்ப நீ சுத்தம் பண்ணிட்டியாம், பட்டற வாச்மேன் சொன்னாரு. ஒன் புண்ணியத்துல இடுப்பு தப்பிச்சிது!"

எரிக்கும் தண்ணீர் என்று எவ்வளவோ சொன்னேன். தலையாட்டினாள். பஸ் ஏறித் திரும்பிப் பார்த்தேன் — குவளை வாய்க்காலுக்குள். அதற்குச் சற்றுத் தள்ளி யாரோ குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை பேரிடம் போய்ச் சொல்வேன்? சிவப்பு யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிப்ரவரி 29, புதன்

அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மா சோற்றை மூடிவைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். நகக்கண்ணில் இன்னும் கரி.

நிரந்தர உத்தரவு டைப் அடித்து மேசைமேல் இருந்தது. என் பெயர் பிழையில்லாமல் இருந்தது. முதலாளி பேனாவைத் திறந்துகொண்டே, "தொட்டியப் பத்தி மட்டும் பேசாத. வேற என்ன வேணும், கேளு" என்றார். நான் கேட்டு முடித்ததும், "புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்று தாளை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். நாளைக்கு வரச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை.

காலையிலிருந்து 'நிரந்தரம்' என்றே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது வேறு:

"கரி போடறத நிறுத்திடுங்க சார். தொட்டி கட்டற வரைக்கும் தண்ணி செவப்பாவே போகட்டும்."