மாமன் கை பட்ட அடைப்புக்குறி

அக்கா,

உன் பெட்டியைத் திறந்ததும் அந்த வெளிநாட்டு சோப்பு மணக்கிறது. மாமா எனக்குக் கொடுத்தது. பிரிக்கப் பயந்து நான்தான் அங்கே ஒளித்து வைத்தேன். நாளைக்கு உன் வருஷத் திதி. அமெரிக்காவிலிருந்து மாமா வருகிறார். எல்லாரும் தூங்கிய பிறகு, அம்மாவுக்குத் தெரியாமல் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நீ கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தாயே, அதில் அனுப்பும் கடிதங்களை அடுத்தவர் படிக்க முடியாதபடி பூட்டும் மென்பொருள் அது. அமெரிக்காவிலிருந்து அந்தப் பூட்டை வெளியே அனுப்பச் சட்டம் விடாது என்பதால், கனடாவில் சிலர் தாங்களே செய்தார்கள். கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்து நீயும் ஒரு பகுதி எழுதினாய். அமெரிக்கர் கை பட்டால் அந்தச் சட்டம் இதையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், அப்படி யாரும் உதவவில்லை என்று நீ அவர்களுக்கு உறுதிமொழி தர வேண்டும். பொய்யென்று தெரிந்தால் எழுதியது அத்தனையும் குப்பைக்கு.

"அமெரிக்காக்காரங்க கை பட்டா தீட்டுடி" என்று சொல்லி, அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்ட மாமா போன தடவை வந்திருந்த வாரம் முழுக்க என்னைக் கம்ப்யூட்டருக்குக் காவல் வைத்தாய்.

அனுப்புகிற அன்று நீ குளிக்கப் போனாய். அம்மா மானிட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டு மாமாவை இழுத்து வந்தாள்.

"காது குத்தறப்ப உன் மடியிலதானடா கொயந்தைய குந்த வெச்சோம்? இதுலயும் ஒரு கை வெய்யி. வெளங்கட்டும்."

தாய்மாமனை வேண்டாமென்று சொல்ல நம் வூட்டில் யாருக்குத் தைரியம்? விவரம் தெரியாத மாமா கண்ணை மூடிக் கும்பிட்டு ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் உன் அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. நான் அழப்போவதைப் பார்த்து, சோப்பைக் கையில் திணித்தார்.

அவர்கள் போனதும் ஒன்றை அழித்தேன். நீ தலை துவட்டிக்கொண்டே வந்து, "யாராச்சும் தொட்டாங்களாடி?" என்றாய். இல்லையென்று தலையாட்டினேன். நீ அதைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு, இன்டர்நெட் சென்டரிலிருந்து அனுப்பக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினாய்.

கனடாக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஐப்பசிக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் பெயர் மட்டும் இன்னும் அந்த மென்பொருளில் இருக்கிறது. அம்மாவோ, "எல்லாம் என் தம்பி கைராசி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நாளை மாமாவும் ஆமாம் என்று சொல்லி, அது கனடா வரைக்கும் போனால் உன் பெயரை எடுத்துவிடுவார்களே!

காலையில் அப்பாவோடு சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போகிறேன். மாமா வாய் திறக்கும் முன் எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுந்தாவது சத்தியம் வாங்கிவிடுவேன். சோப்பையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மாமாவிடம்கூடச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அக்கா. இரண்டு அடைப்புக்குறியும் ஒரே மாதிரி இருந்தன. நான் அழித்தது யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியாது.